மந்திரிக்கு வந்த இரண்டு ஆணைகள்

கணினி வந்த பிறகும் ராஜா ஆட்சி போகாத ஊர் ஒன்று இருந்தது. அந்த ராஜா கடம்பராயருக்குக் கணினி மேல் கொள்ளை ஆசை. அரண்மனையின் கிழக்கு வாசலில் பரிசு கொடுப்பார்கள், மேற்கு வாசலில் தண்டனை. இரண்டையும் நடத்தியது ஒரே நிரல். அதை எழுதியவள் வஞ்சுளை.

எந்த வாசலில் பெயரை அடித்தாலும் அது அந்த வாசலுக்கென்று உள்ள தனி இடத்தில் இருக்கும்படிதான் அவள் எழுதியிருந்தாள். பெயர் வைக்க எதற்கு இரண்டு இடம், வீண் செலவு என்று மந்திரி அனந்தபத்மர் அவளுக்குத் தெரியாமல் அதைப் பொது இடம் ஒன்றாக மாற்றிவிட்டார். அவருக்கு நிரல் கொஞ்சம் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

மேற்கு வாசலில் ஒரு வழக்கம் உண்டு. குற்றவாளியின் பெயரை அடித்து, முரசு கொட்டி ஓய்ந்த பிறகுதான் ஆணை அச்சாகும். அன்று ஒரு திருடனின் பெயரை அடித்துவிட்டு முரசு கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கிழக்கு வாசலில் பரிசுக்காக ஒரு மல்லனின் பெயரை அடித்தார்கள். பொது இடத்தில் இருந்த திருடன் போய், மல்லன் வந்து உட்கார்ந்தான். மல்லனுக்குப் பட்டும் கிடைத்தது, கசையடியும் கிடைத்தது. திருடன் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பழி வஞ்சுளையின் தலையில் விழுந்தது. மந்திரிதான் கை வைத்தார் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவளை நாடு கடத்தச் சொல்லிவிட்டார் ராஜா. போகும் முன் அவள் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். மேற்கு வாசலில் தன் பெயரை அடித்து முரசு கொட்டும்போதே, கிழக்கு வாசலில் மந்திரிக்கு 'அறிவுக்கடல்' பட்டம் கொடுக்க வேண்டும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். மந்திரிக்கு உச்சி குளிர்ந்தது.

முரசு ஓய்ந்தது. இரண்டு தாள்கள் வந்தன. ராஜா வாங்கிப் படித்தார்.

"அறிவுக்கடல் பட்டம், அனந்தபத்மர். நாடு கடத்தல், அனந்தபத்மர்."

காவலர்கள் மந்திரியின் தோளில் கை வைத்தார்கள். அவர் ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா, தனித்தனி இடத்தை எடுத்தது நான்தான். அவள் எழுதினபடியே திரும்ப வைக்கச் சொல்லுங்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு தாள்களையும் கிழித்துப் போட்டார். வஞ்சுளைக்கு முத்துமாலை என்று அறிவித்து, கிழக்கு வாசலில் உடனே அவள் பெயரை அடிக்கச் சொன்னார்.

வஞ்சுளை பதறிப்போய்க் கும்பிட்டாள்.

"இப்போது வேண்டாம் மகாராஜா. நிரலைத் திருத்திவிட்டு வாங்கிக்கொள்கிறேன். இந்நேரம் மேற்கு வாசலில் எவனுக்குக் கசையடியோ, யார் கண்டது."