குறைத்துக் கேட்டவர்

“குறைச்சுக் கேட்டா யாராவது இல்லைன்னு சொல்வாங்களா, டீச்சர்?”

ஆவுடையப்பன் சந்தேகம் கேட்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தார்.

வராமல் என்ன செய்வார், பாவம். பால் சொசைட்டிக்கு அவர் செய்து கொடுத்த மெஷின், பாலை அளந்து கொழுப்பு எவ்வளவு என்று சொல்கிற மெஷின், கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து உயிரை விட்டுவிடுகிறது. கறந்த பாலோடு ஊரே வெயிலில் நிற்கிறது. இன்னொரு தடவை நின்றால் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மரியாதையாகச் சொன்னார்.

அதனால்தான் கடையநல்லூருக்கு பஸ் ஏறி மஹ்மூதா வீட்டுக்கு வந்தார்.

கெர்னல் என்று ஒன்று உண்டு. மெஷினுக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் எந்த வேலைக்கு எவ்வளவு இடம் என்று மெமரியைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதற்குள் போய் புரோகிராம் எழுத ஆவுடையப்பனுக்குக் கற்றுக்கொடுத்தவர் மஹ்மூதா. வயதில் இவரைவிடச் சின்னவர். இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

முந்தின நாள்தான் மஹ்மூதாவின் தங்கைக்கு நிக்காஹ். வீடு முழுக்க இன்னும் பிரியாணி வாசனை. தன் வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் ஆவுடையப்பன் மூக்கு அதைக் கவனித்தது.

லேப்டாப்பைத் திறந்து காட்டினார். கூட்டம் கூடும்போது மெஷின் பெரிய இடமாகக் கேட்டு வாங்கும். கணக்கு முடிந்ததும் அவ்வளவு வேண்டாம், சின்ன இடம் போதும் என்று சொல்லும். கெர்னல் சின்ன இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, இருப்பதை அங்கே மாற்றி, அதன் விலாசத்தைக் கொடுக்கும். கெர்னல் என்ன பதில் கொடுத்தாலும் மெஷின் அதைப் பழைய விலாசத்தை அழித்து அதன் மேலேயே எழுதிக்கொள்ளும். எல்லாம் ஒரே வரி. அந்த வரியில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

“சின்ன இடம் இல்லைன்னு சொல்லிட்டா?” என்று கேட்டார் மஹ்மூதா.

“அதைத்தானே நானும் கேக்கிறேன். நான் என்ன கூடவா கேட்டேன்?”

மஹ்மூதா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

ஆவுடையப்பனுக்கு எரிச்சல் வந்தது. பிழைப்பே போகிற நேரத்தில் சாப்பாடு ஒரு கேடா. ஆனால் இல்லை என்றுதான் வாயில் வந்தது.

“அப்ப ஒரு கை கொடுங்க. பக்கத்து வீட்டுல அந்தப் பெரிய தேக்சாவைக் கேட்டிருக்காங்க. அதுல அடியில கொஞ்சம் தால்ச்சா கிடக்கு. சின்னப் பாத்திரம் எதுலயாவது மாத்திட்டு வாங்க.”

அடுப்பங்கரைக்குப் போனார். ஆள் உட்காரலாம் போல ஒரு தேக்சா, அடியில் இரண்டு கரண்டி தால்ச்சா. சின்னப் பாத்திரம் தேடினார். ஒன்றில் தயிர்ப் பச்சடி. ஒன்றில் கத்திரிக்காய். தூக்குச்சட்டியில் யாருக்கோ எடுத்து வைத்த கறி. டீ போடுகிற பாத்திரத்தில்கூட நெய்ச்சோறு இருந்தது. கல்யாண வீட்டில் காலிப் பாத்திரத்துக்கு எங்கே போவது.

வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“சின்னது ஒண்ணுமே காலி இல்லை, டீச்சர்.”

“அப்ப என்ன செய்ய?”

“அதுலயே இருந்துட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்சம் பொறுக்கட்டும். இப்ப என்ன கெட்டுப்போச்சு?”

“ஒண்ணும் கெடலை.” மஹ்மூதா தட்டு எடுத்து வைத்தார். சோறு போட்டார். தேக்சாவிலிருந்தே அள்ளி வந்து தால்ச்சா ஊற்றினார். ஆவுடையப்பன் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்படி ஒரு தால்ச்சா.

இரண்டாம் தடவை ஊற்றும்போது மஹ்மூதா கேட்டார்.

“ஏன் அண்ணே, சின்னது இல்லைன்னு தெரிஞ்சதும், இந்தத் தேக்சா எங்க இருக்குங்கிறதையே ஒருத்தர் மறந்துட்டா?”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

“கையில இருக்கிறதை எவனாவது அப்படித் தொலைப்பானா?”

மஹ்மூதா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

அந்த ஒரு வரியைப் படித்தார் ஆவுடையப்பன். சின்ன இடம் இல்லை என்று கெர்னல் சொன்னால், அந்த ‘இல்லை’யே பழைய விலாசத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். இன்னொரு தடவை படித்தார்.

“நான்தான், டீச்சர்” என்றார்.