நாலு வருஷ ஹோஸ்

"ஒரு ஹோஸை எத்தனை வருஷத்துல மாத்தணும், டீச்சர்?"

கேட்டவன் கிளாட்வின். கடலுக்கடியில் வேலை செய்பவன்.

ஜெனிட்டா தூத்துக்குடியில் மூழ்கு கருவிகளைப் பழுது பார்ப்பவள். அவனைவிட ஆறு வயது சின்னவள். ஆனால் அவனுக்கு மூழ்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். ஐம்பது வயதிலும் அவனுக்கு அவள் டீச்சர்.

அவன் ஹோஸை மேசையில் வைத்தான். சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று கொண்டுவரும் கறுப்பு ரப்பர் குழாய். ஒரு முனையில் வெடித்துக் கிழிந்திருந்தது.

"அமலதாஸோடதா?"

"ஆமா."

கிளாட்வினும் அமலதாஸும் பதினோரு வருஷமாக ஜோடியாக மூழ்கியவர்கள். மூன்று மாதத்துக்கு முன்பு, இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில், அந்த ஹோஸ் வெடித்தது. கிளாட்வின் முன்னால் நீந்திக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் அமலதாஸ் மூச்சில்லாமல் மேலே பாய்ந்துவிட்டான்.

உயிர் பிழைத்தது. அவ்வளவு வேகமாக மேலே வந்ததில் இடது கால் செயலிழந்துவிட்டது.

"கம்பெனிக்காரன் குடுத்த புத்தகத்துல அஞ்சு வருஷம்னு போட்டிருக்கு. இதுக்கு நாலுதான் ஆச்சு. அப்ப யார் மேல தப்பு, டீச்சர்?"

ஜெனிட்டா ஹோஸின் கிழியாத முனையை வளைத்தாள். ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் வாய் திறந்தன.

"இதை எப்பப் பாத்தீங்க?"

கிளாட்வின் ஜன்னலைப் பார்த்தான்.

"போன வருஷம்."

"பாத்துட்டு?"

"புது செட் வாங்கினேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

"அப்ப உங்க பழசு, இது?"



"அவன்கிட்ட இருந்தது இதைவிடப் பழசு. அவனுக்கு இது போதும்னு நெனச்சேன். நல்லாக் கழுவித் துடைச்சுத்தான் குடுத்தேன், டீச்சர்."

அவள் ஹோஸைச் செய்தித்தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"நாலு வருஷம்தான். புத்தகப்படி உங்க மேல தப்பில்ல. இதையே போய் அமலதாஸ்கிட்ட சொல்லிட்டு வாங்க."

"அவன்கிட்ட எப்படி..."

அவள் அடுத்த மூழ்கு கருவியைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அமலதாஸ் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கிளாட்வினைக் கண்டதும் எழப் பார்த்தான். முடியவில்லை.

"வாங்கண்ணே. இத்தனை நாளா இந்தப் பக்கமே காணோம்?"

அஞ்சு வருஷக் கணக்கை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கிளாட்வின் வந்திருந்தான். அது வாயில் வரவில்லை.

"அந்த ஹோஸ்ல வெடிப்பு இருந்துச்சுடா. எனக்குத் தெரியும்."

அமலதாஸ் கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்தான்.

"எனக்கும் தெரியும்ணே. மொத நாள் மாட்டும்போதே பாத்தேன்."

"பாத்தியா? பின்ன ஏண்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க பாத்துத்தானே குடுத்திருப்பீங்க. அப்ப அது ஒண்ணும் செய்யாதுன்னு இருந்துட்டேன்."