கறுப்புக்கு ஒரே ஒரு தொடக்கம்

“‘நீங்க சொன்னதைத்தான் ஆடினேன், அதனாலதான் தோத்தேன்.’ வந்ததிலேருந்து இதைத்தானே சார் சொல்லிக்கிட்டிருக்கீங்க?” என்றாள் பிலோமினா.

“ஆமா மிஸ். திரும்பவும் சொல்லுவேன்.”

“வேண்டாம். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

திருச்சி புத்தூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்தச் சதுரங்க மன்றம். பிலோமினா அங்கே ஆட்டம் சொல்லித்தருகிறவள். அருள்மாணிக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவளைவிட மூத்தவர்தான், ஆனாலும் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் ‘மிஸ்’ என்றே கூப்பிடுவார்.

சேர்ந்த புதிதில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“கறுப்புக் காய்க்கு ஒரே ஒரு தொடக்கம் போதும் மிஸ். எதிராளி எதை ஆடினாலும் அது செல்லணும். புத்தகம் புத்தகமா மனப்பாடம் பண்ண என்னால ஆகாது.”

அவளும் கொடுத்தாள். ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடு, அது நின்ற வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளு, சிப்பாய் விட்ட இடத்தில் மந்திரியை வை, நடுச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்து, ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பு. ஐந்தே நகர்வு.

அதை அவர் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டுக்கொண்டார். கறுப்பு எடுத்த ஆட்டமெல்லாம் தோற்றார்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் மன்றத்தோடு போட்டி. அருள்மாணிக்கத்துக்கு ஒதுக்கிய நாலாவது பலகைக்குக் கறுப்பு. பிள்ளைகளைப் போட்டிக்கு பஸ் ஏற்றி அனுப்பியே காலம் கழித்தவர், தானே ஒரு போட்டியில் உட்காரப்போவது இதுதான் முதல் தடவை. அவரையே உட்கார வைப்பதா, அவருக்குப் பதில் மன்றத்தின் இன்னொரு ஆட்டக்காரர் சாந்தகுமாரைக் கூப்பிடுவதா என்று அவள் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

“தொடக்கத்தை மாத்திக் குடுங்க மிஸ். வேற ஏதாவது பலமானதா.”

“முதல்ல உட்காருங்க. நான் வெள்ளை.”

அவள் பலகைக்குப் பக்கத்திலிருந்த ஆட்டக் கடிகாரத்தைத் தட்டினாள். அவர் குதிரையை எடுத்தார். தட்டினாள். சிப்பாய். தட்டினாள். மந்திரி. தட்டினாள். இன்னொரு சிப்பாய். தட்டினாள். ராஜா கோட்டைக்குள் போனதும் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“முடிஞ்சது. ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்.”

“குறையே இல்ல. நான் என்ன ஆடியிருக்கேன்?”

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைக் காய்கள் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிய மேனிக்கு நின்றன. ஒரு சிப்பாய்கூட அசையவில்லை.

“என்ன மிஸ் இது அநியாயம்! காயைத் தொடாம கடிகாரத்தைத் தட்டறது விதிப்படி செல்லாது!”

“செல்லாதுன்னு சொல்ல வேண்டியவர் யாரு?”

அவர் ஒரு வெள்ளைச் சிப்பாயை விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்ப அந்த அஞ்சு நகர்வும் தப்பா?” என்றார்.

“தப்பை நான் ஏன் சார் மெனக்கெட்டுச் சொல்லித்தரப்போறேன்? எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் உப்புமாதான். நாத்தனாரா இருக்கட்டும், பங்குச் சாமியாரா இருக்கட்டும். போன வாரம் வாசல்ல மணி அடிச்சது. என் வீட்டுக்காரரோட அண்ணன் வர்றதாச் சொல்லியிருந்தார். அவர்தானேன்னு அடுப்படியிலேருந்தே ‘உள்ள வந்து உட்காருங்க அத்தான்’னு குரல் குடுத்தேன். வெங்காயம் நறுக்கி, தாளிச்சு, கிண்டி, தட்டுல வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன்.”

“சரி.”

“சிலிண்டர் போட வந்த ஆள் உட்கார்ந்திருக்கார்.”

அருள்மாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாப்பிட்டாரா?”

“ரெண்டாவது தட்டும் கேட்டார். உப்புமாவில என்ன குறை?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தார்.

“வேற தொடக்கம் வேண்டாம் மிஸ். இன்னொரு ஆட்டம் ஆடுவோம்.”

இந்தத் தடவை அவள் நிஜமாகவே ஆடினாள். நடுச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறியது. அவர் கை குதிரைக்குப் போய்ப் பாதியில் நின்றது. அவளுடைய சிப்பாயைப் பார்த்தார். பிறகு குதிரையைத்தான் எடுத்தார். அவளும் ஒரு குதிரையை எடுத்தாள். அவர் பார்த்தார், சிப்பாயைத் தள்ளினார். அவளுடைய இன்னொரு நடுச் சிப்பாயும் இரண்டு கட்டம் வந்து நின்றது. மந்திரிக்குப் போன அவர் கை திரும்பியது. அந்தச் சிப்பாய் அடுத்து எங்கே வந்து தன் குதிரையை விரட்டும் என்று விரலால் காற்றில் அளந்தார். நாலாவதாக வைக்க வேண்டிய நடுச் சிப்பாயை இப்போதே வைத்தார்.

பிலோமினா பலகையின் ஓரத்தில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.

“சாந்தகுமாருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை நீங்களே உட்காருங்க.”

அவர் அந்த ஓரச் சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

“அதைச் சும்மாதான் வெச்சேன் சார். அதுல ஒண்ணும் இல்ல. எனக்கு வீட்டில உளுந்து ஊறிக்கிட்டிருக்கு. ஆடுங்களேன்.”