நொச்சிக்கு வந்த ஐந்து விரல்

அந்தக் காலத்தில், செடிகொடிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, மலையடிவாரத்து ஓடைக்கரையில் சிலம்பாயி என்றொருத்தி இருந்தாள். அவள் உள்ளங்கையை நெற்றியில் வைத்தால் போதும், கொதிக்கிற காய்ச்சலும் வியர்த்து இறங்கிவிடும். நரியும் முயலும்கூட அவள் வாசலுக்கு வந்து தலையை நீட்டும்.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. ஓடையின் இரு கரையிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். சிலம்பாயி சோறு தண்ணி இல்லாமல் ஓடினாள். ஒரு நெற்றியில் கை வைப்பதற்குள் மூன்றாவது வீட்டில் அழுகை எழும். அக்கரைக்குப் போகவே முடியவில்லை; ஓடையில் வெள்ளம். அங்கே ஒரே பகலில் நான்கு பேர் போய்விட்டார்கள்.

கரையில் நின்ற நொச்சிச் செடியைப் பிடித்துக்கொண்டு அவள் கதறினாள். அப்போதெல்லாம் நொச்சிக்கு வட்ட இலை, எதற்கும் உதவாது.

"ரெண்டு கையை வச்சுக்கிட்டு நான் எத்தனை பேரைத் தொடுவேன்?"

"எனக்கு ஆயிரம் இலை இருக்கு, ஆயி" என்றது நொச்சி. "அக்கரையிலயும் என் சனம் நிக்குது. உன் கையில இருக்கறதை எனக்குக் கொடு. ஆனா கொடுத்தா திரும்பாது. அப்புறம் உன் கை வெறும் கைதான்."

சிலம்பாயி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அவள் மகள் வீரிக்கும் காலையிலிருந்து உடம்பு சுட்டது. ஓடிப்போய் அவளை மட்டும் தொட்டுவிட்டு வரலாமா? அதற்குள் அக்கரையில் இன்னொரு ஓலம். அவள் கண்ணை மூடி, இரண்டு கைகளாலும் இலையை அழுத்தினாள்.

உள்ளங்கைக் குளிர்ச்சி முழுவதும் இறங்கிப் போனது. கண் திறந்தபோது அந்த இலை ஐந்தாகப் பிளந்து விரல் விரித்திருந்தது. பிறகு அடுத்த இலை. பிறகு செடி முழுவதும். கரை நெடுக, வெள்ளத்தைத் தாண்டி அக்கரையிலும், ஆயிரமாயிரம் பச்சைக் கைகள் மழையில் விரிந்தன.

"கொதிக்கிற தண்ணியில போட்டு ஆவி பிடிக்கச் சொல்லு" என்றது நொச்சி.

தொண்டை கிழிய அக்கரைக்குக் கத்திச் சொல்லிவிட்டு, ஒரு கட்டு இலையோடு வீட்டுக்கு ஓடினாள். பழக்கத்தில் வீரியின் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இறங்கவில்லை, அவள் கைதான் சுட்டது. பானையை ஏற்றி, மகளைக் கம்பளிக்குள் உட்காரவைத்து, ஆவியில் முகம் காட்டச் செய்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வீரியின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது.

"அம்மா, பசிக்குது" என்றாள் வீரி.

அன்று முதல்தான் நொச்சி இலை ஐந்து விரலாக விரிந்து நிற்கிறது. காய்ச்சல்காரர்கள் கம்பளிக்குள் குனிந்து அந்தக் கைகளுக்கு நெற்றியைக் கொடுக்கிறார்கள்.