கடைசி மேப்பிள் பலகை

கோயம்புத்தூர் கணபதியில் துளசிமணி மரப்பட்டறை வைத்திருந்தார். அவருக்கு முப்பத்தாறு வயது. தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குரு சீடரை அண்ணா என்று கூப்பிடுவார். சீடர் குருவை மேஸ்திரியம்மா என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு ரொட்டிக்கடைக்கு மாவு பிசையும் மேஜை செய்துகொண்டிருந்தார்கள். மேப்பிள்தான் வேண்டும் என்று கடைக்காரர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். வெளுத்த மரம், பொல்லாத கெட்டி. அதன் துளைகள் கண்ணுக்கே தெரியாது, அதனால் மாவு உள்ளே போய் ஒட்டிக்கொள்ளாது. வாசமும் கிடையாது. கப்பலில் வரும் சரக்கு என்பதால் நினைத்த நேரத்தில் கிடைக்காது. மிச்சம் ஒரே பலகைதான் இருந்தது.

முந்தைய இரண்டையும் சென்னியப்பன் கருக்கிவிட்டார்.

போன ஆடியில் ரம்ப மெஷின் அவருடைய ஆள்காட்டி விரல் நுனியை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து பலகையைத் தள்ளும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது. தேக்கு அதைப் பெரிதுபடுத்தாது. மேப்பிள் விடாது. கை நின்ற இடத்தில் ரம்பத்தின் பல் உரசி, ஓரம் கறுப்பாகத் தீய்ந்துபோகும்.

"சாயம் பூசி மறைச்சரலாமுங்களா?" என்று கருகிய பலகைகளைக் காட்டிக் கேட்டார் சென்னியப்பன்.

"இது சாயத்தைச் சீராக் குடிக்காதுங்கண்ணா. திட்டுத்திட்டா நிக்கும்."

"தேய்ச்சு எடுத்தா?"

"இந்தக் கெட்டிக்குத் தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள பலகை அளவு குறைஞ்சுரும்."

சென்னியப்பன் மிச்சமிருந்த பலகையைப் பார்த்தார். இதுவும் கருகினால் ஊருக்கே போய்விடுவது என்று காலையில் முடிவு செய்திருந்தார். சட்டைகளைக்கூடப் பையில் வைத்தாயிற்று. போகவும் மனமில்லை, மெஷினைத் தொடவும் தைரியமில்லை.

"மேஸ்திரியம்மா, இந்தப் பயம் எப்பத்தான் போகுமுங்க?"

துளசிமணி மெஷினைப் போட்டார்.

"இப்படி வந்து நில்லுங்க. பலகையப் பாக்க வேண்டாம். என்ற கையப் பாருங்க."

ரம்பம் அலறியது. பலகையை ரம்பத்துக்குத் தள்ளும் தள்ளுகட்டையைப் பிடித்திருந்த துளசிமணியின் விரல்களைச் சென்னியப்பன் பார்த்தார். அவை வெடவெடவென்று நடுங்கின. மணிக்கட்டு நடுங்கியது. அம்மா விட்டுவிடுங்கள் என்று கத்தலாமா என்று நினைப்பதற்குள் பலகை மறுபக்கம் வந்துவிட்டது.

துளசிமணி மெஷினை நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குமா பயமுங்க?" சென்னியப்பனால் நம்பவே முடியவில்லை. "உங்களுக்குத்தான் பத்து விரலும் இருக்குதே!"

"இருக்கறதனாலதானுங்கண்ணா."

சென்னியப்பன் அறுத்த ஓரத்தைத் தடவினார். முழுக்க வெள்ளையாக இருந்தது. ஒரு கறுப்புப் பொட்டு இல்லை. மறுபடியும் தடவினார்.

துளசிமணி பலகையைத் திருப்பி வைத்தார். அறுக்க வேண்டிய இன்னொரு ஓரம் பாக்கி இருந்தது. தள்ளுகட்டையை அவரிடம் நீட்டினார்.

"கை அந்த நடுங்கு நடுங்குச்சுங்களே, மேஸ்திரியம்மா."

"நடுங்குச்சுங்கண்ணா. எங்கியாச்சும் நின்னுச்சா?"