நின்றுகொண்டிருந்த கப்பல்

"நான் தொடவே இல்லை, மாஸ்டர்," என்றார் அடைக்கலம்.

மொகுதூம் மாஸ்டர் ஏரிக்கரைப் படகுத்துறையில் குனிந்து ஒரு கயிற்றை உதறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அந்த ஏரியில்தான் அவர் கப்பலோட்டக் கற்றுக்கொடுத்தார். நிஜக் கப்பல்களைச் சுருக்கிச் செய்த சின்னக் கப்பல்கள். பெரியது ஒரு பஸ் நீளம் இருக்கும். உள்ளே உட்கார்ந்து ஓட்டலாம். துறைமுகங்களில் கப்பல்களை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் பைலட்டுகள் பலர் அங்கே படித்தவர்கள். தலை நரைக்காத காலத்தில் அடைக்கலமும் படித்தார்.

"சொல்லு," என்றார் மாஸ்டர்.

"ஆத்துல கப்பல் போற வழி. குறுகல், ஆழமும் கம்மி. ஓரத்துல ஒரு கப்பலைக் கட்டியிருந்தாங்க. நான் பெரிய கப்பலைக் கடலுக்குக் கொண்டு போயிட்டிருந்தேன். நடுவுல தாராளமா இடம் விட்டுத்தான் போனேன். நான் தாண்டும்போது கட்டியிருந்த கப்பல் கரையை விட்டு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. கயிறு அறுந்து, அங்க நின்ன ஆளை அடிச்சிருச்சு."

"இருக்காரா?"

"இல்ல. செல்லையான்னு பேரு. கப்பலுக்குக் கயிறு கட்டுறவர்."

மாஸ்டர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"விசாரணையில என்மேல தப்பில்லைன்னுட்டாங்க. விட வேண்டிய தூரம் விட்டிருந்தேனாம். அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் ஒரு வார்த்தை திட்டல. கடைசியா அவர் என்ன செஞ்சுட்டிருந்தாரு, நீங்க பாத்தீங்களான்னு மட்டும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அங்க ஒரு ஆள் நின்னதே எனக்குத் தெரியாது, மாஸ்டர்."

ஏரித் தண்ணீர் படகுத்துறையின் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

"என்மேல தப்பில்லைன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன். அதுக்குத்தான் வந்தேன்."

மாஸ்டர் நிமிர்ந்தார். துறையில் கட்டியிருந்த சின்னக் கப்பலின் கட்டுகளை அவிழ்த்தார். ஒரே ஒரு கயிற்றை மட்டும் விட்டுவைத்து, அதன் நுனியை அடைக்கலத்தின் கையில் கொடுத்தார்.

"பிடிச்சுக்கிட்டு நில்லு."

பெரிய கப்பலை எடுத்துக்கொண்டு ஏரியின் மறுகோடிக்குப் போனார். அங்கே திருப்பினார். வேகமாக வந்தார்.

அடைக்கலம் பார்த்துக்கொண்டே நின்றார். பெரிய கப்பல் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்கு முன்பே அவர் கயிற்றில் பிடித்திருந்த கப்பல் பின்பக்கமாக நகர்ந்தது, வருவதை எதிர்கொள்ளப் போவதுபோல. பிறகு இரண்டும் இணையாக வந்தபோது, துறையோரத் தண்ணீர் சட்டென்று இறங்கியது. சின்னக் கப்பல் கரையை விட்டு வெளியே போயிற்று. அவர் காலை ஊன்றினார். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. பலகையில் முழங்கால் மோத விழுந்தார்.

பெரிய கப்பல் நேராகப் போய், நிதானமாகத் திரும்பி வந்து நின்றது.

"நீங்க திரும்பிக்கூடப் பாக்கல," என்றார் அடைக்கலம்.

"தோணல. என் கப்பல் ஆடவே இல்ல."

அடைக்கலம் கையை விரித்துப் பார்த்தார். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் படிச்சதுதான், மாஸ்டர். வேகமாத் தாண்டுற கப்பல் பக்கத்துல இருக்கிறதை இழுக்கும்னு பரீட்சையில எழுதியிருக்கேன். நீங்கதான் மார்க் போட்டீங்க."

"போட்டேன்."

மாஸ்டர் கரையேறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்துட்டேன், அடைக்கலம். எல்லாரையும் ஓடுற கப்பல்லதான் உட்கார வெச்சேன். இந்தப் பலகையில ஒருத்தரையும் நிக்க வெச்சதில்ல. நானும் நின்னதில்ல."

அவர் குரல் இறங்கியிருந்தது. அடைக்கலம் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். மாஸ்டரை அப்படி அவர் பார்த்ததே இல்லை.

மாஸ்டர் எழுந்தார். ஒரு கழியால் சின்னக் கப்பலை இழுத்து, கயிற்றை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"நீ போய்ப் பெரிய கப்பலை எடு. அன்னைக்குப் போன மாதிரியே வா."

"வேண்டாம், மாஸ்டர்."

"எடு."

அடைக்கலம் போய் உட்கார்ந்தார். மறுகோடியில் திருப்பினார். வேகம் கூட்டும் பிடியில் கையை வைத்தார். பலகையில் மாஸ்டர் கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, சாயம்போன சட்டை, கயிறு சுற்றிய இரண்டு கைகள். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

கப்பல் ஊர்ந்து வந்தது. மாஸ்டரைத் தாண்டியபோது கயிறு தொய்ந்தே கிடந்தது.

"அன்னைக்கு இந்த வேகத்துலயா போன?" என்று கரையிலிருந்து கேட்டார் மாஸ்டர்.

"இல்ல."

"இன்னைக்கு மட்டும் ஏன் இப்படி வர்ற?"

அடைக்கலம் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீங்க அங்க நிக்கிறீங்களே, மாஸ்டர்."