ஒரு காம்புக்கு ஒரு பழம்

அந்தக் காலத்தில் கல்லுக்கு மட்டும்தான் வாய் இல்லை. மற்ற எல்லாமே கதைத்துக்கொண்டிருந்தன. மீன் கதைத்தது, பாசி கதைத்தது, மூடுபனிகூட வருவதற்கு முன்னம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தது. கனடாவின் கிழக்குக் கோடியில், நியூபவுண்ட்லாந்துத் தீவின் கரையோரத்தில், பெரிய சதுப்பு நிலம் ஒன்று இருந்தது. அங்கே மரம் நிமிர்ந்து நிற்காது, காற்று விடாது. பாசியும் புல்லும் சின்னச் சின்னப் பழச்செடிகளும்தான் அங்கே குடியிருந்தன.

அவற்றில் ஒருத்திதான் பேக்காப்பிள். பெயரைப் பார்த்து அப்பிள் மரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாண் உயரம்தான் இருப்பாள். ஆனால் காய்ப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். கொத்துக் கொத்தாக ஒரு செடியில் நூறு காய் தொங்கும். அவசரம் என்பது என்னவென்றே தெரியாதவள். கோடை முழுக்கப் பச்சையாகவே வைத்திருந்து, ஐப்பசியில் முதல் உறைபனி விழுந்த பிறகுதான் ஆறுதலாகச் சிவப்பாள். சிவந்த அன்றே தேனாக இனிப்பாள். பக்கத்தில் இருந்த புளூபெரிச் செடிகளுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்.

எல்லாம் இருந்தும் அவளுக்கு ஒரு ஏக்கம் இருந்தது. அந்த ஏக்கத்துக்கு இரண்டு சிறகும் ஒரு சிவந்த அலகும் இருந்தன.

அவர் ஒரு ஆலா, கடற்பறவை. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, கத்தரிக்கோல் மாதிரி வால். ஒவ்வொரு வருடமும் ஆனி மாதம் ஆலாக் கூட்டம் கடலைத் தாண்டி வரும். கேப்லின் மீன்கள் கரையில் வந்து புரளும் காலம் அது. மற்ற ஆலாக்கள் பாறைத் தீவுகளில் இறங்க, இவர் மட்டும் வயிறு நிறைந்ததும் சதுப்புக்கு வந்து, அவளுக்குப் பக்கத்தில் இருந்த பாசிமேட்டில் குந்துவார். ஆவணி பிறந்தால் போய்விடுவார். உலகத்தின் தெற்குக் கடைசிக்குப் போவார். இங்கே கோடை முடிய அங்கே கோடை தொடங்கும். குளிர்காலம் என்ற ஒன்றை அவர் வாழ்க்கையில் கண்டதே இல்லை.

"குளிர்காலம் எப்பிடி இருக்கும்?" என்று அவர் கேட்பார்.

"வெள்ளையா இருக்கும். சத்தமே இராது. தலைக்கு மேலை பனி, காலுக்குக் கீழை ஐஸ். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பன்."

"பயமில்லையோ?"

"பயமில்லை. ஆர் போனது, ஆர் வருவினம் எண்டு நினைச்சுக்கொண்டு கிடப்பன்."

யாரை நினைப்பாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

போகிற நாள் வரும்போதெல்லாம் அவர் அவளுடைய பச்சைக் காய்களைப் பார்ப்பார். "இன்னும் பழுக்கேல்லையோ?"

"ஐப்பசி மட்டும் நில்லும். அப்பதான் பழுக்கும்."

"ஐப்பசி மட்டும் நிண்டால் நான் செத்துப்போவன்," என்று சிரித்துக்கொண்டே எழும்பிப் போவார். மூன்று வருடம் இதே கதை. மூன்று வருடமும் ஐப்பசியில் நூறு பழம் சிவந்து, இனித்து, பார்த்திருந்த ஆளுக்கு இல்லாமல் கண்ட கண்ட வாத்துக்கெல்லாம் இரையானது.

அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அவரை வைத்திருக்க வேண்டும் என்றுகூட முதலில் அவள் நினைக்கவில்லை. வேர் உள்ளவளுக்குக் கடல் தாண்ட ஏலாது. தன்னில் ஒரு துண்டாவது, ஒரு பழத்தின் ருசியாவது அவரோடு கடல் கடந்து போக வேண்டும். அவர் போகிற அந்த மற்றக் கோடையைத் தன்னுடைய விதை ஒன்றாவது பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

நான்காம் வருடம் ஆவணி பிறந்தது. ஆலாக் கூட்டம் கடற்கரையில் சேரத் தொடங்கியது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் தண்ணீரோரம் நின்ற குடுவைச்செடியிடம் வாய்விட்டு அழுதேவிட்டாள்.

குடுவைச்செடி யாரென்று தெரியும்தானே? இலையைச் சுருட்டிக் குடம்போல் வைத்துக்கொண்டு, விளிம்பில் சிவப்புப் பூசி, நம்பி வருகிற ஈயை உள்ளே விழுத்தி விழுங்குகிறவள். அந்தச் சதுப்பில் எல்லாரும் அவளை அக்கா என்று கூப்பிட்டாலும் ஒருவரும் அவளுக்குக் கிட்டப் போவதில்லை.

"அழாதை," என்றாள் குடுவை அக்கா. "நீ வாய் நோகக் கூப்பிடுறாய். கூப்பிட்டு ஆரும் வரப்போறதில்லை. இருக்கு எண்டு காட்டவேணும். அவ்வளவுதான்."

"என்னட்டை இல்லையே அக்கா. பழுக்க இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு."

"இனிப்பு ஏற ரெண்டு மாசம் வேணும். நிறம் ஏற என்னத்துக்கு ரெண்டு மாசம்? வேரிலை கிடக்கிற சிவப்பை இப்பவே காயிலை ஏத்து. நான் இவ்வளவு நாளும் அப்பிடித்தானே சீவிக்கிறன்?"

"அது பொய்யெல்லோ?"

"ஓம், பொய்தான். உனக்கு அவன் வேணுமோ, உண்மை வேணுமோ?"

பேக்காப்பிள் ஒரு பகல் முழுக்க யோசித்தாள். சாயங்காலம் அவர் பிரியாவிடை சொல்ல வந்து, வழமைபோலக் காய்களைப் பார்த்து, வழமைபோலச் சிரித்தார். இந்த முறை அந்தச் சிரிப்பு அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த நாள் விடிய, கூட்டம் கடலை நோக்கி எழும்பிய அந்த நேரத்தில், வேரில் இருந்த சிவப்பு அத்தனையையும் ஒரே மூச்சில் மேலே இழுத்தாள். நூறு காயும் ஒன்றாகச் சிவந்தன.

மேலே போய்க்கொண்டிருந்த அவர் திரும்பிப் பார்த்தார். பச்சைச் சதுப்பின் நடுவில் ஒரே ஒரு இடம் சிவப்பாகக் கிடந்தது.

"நீங்கள் போங்கோ. நான் பின்னாலை வாறன்," என்று தன் தங்கச்சியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். வந்த வேகத்தில் ஒரு பழத்தைக் கொத்தினார். கல்மாதிரி இருந்தது. புளிப்பு தலைக்கு ஏறியது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நிறம் வந்திட்டுது. இனிப்பு வாற வழியிலை நிக்குது," என்றாள் அவள். "ரெண்டு நாள். ரெண்டே ரெண்டு நாள் நில்லும்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நிக்கிறன்," என்றார்.

அந்த இரண்டு நாள் அவள் வாழ்க்கையிலேயே முன்பு காணாத நாள். கோடைக்குப் பிந்தின வெயில், மற்ற ஆலாக்கள் போய் வெறுமையான கடற்கரை, பக்கத்தில் அவர். இரண்டு நாள் முடிய இன்னும் இரண்டு நாள் கேட்டாள். பிறகு இன்னும் இரண்டு. அவரும் ஏன் என்று கேட்காமல் நின்றார். அவள் எவ்வளவு சந்தோசமாக இருந்தாள் என்றால், தான் சொன்னது பொய் என்பதையே சில நேரம் மறந்துபோனாள்.

புரட்டாதி வந்தது. மீன் எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டன. அவர் காலையில் கடலுக்குப் போவார், மத்தியானம் வெறும் அலகோடு திரும்பி வருவார். சொல்லிவிட்டு வருகிற மூடுபனி இப்போது நாளுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தது. காற்றில் வடக்கு வாசம் அடித்தது. ஒருநாள் அவர் பாசிமேட்டில் இறங்கும்போது கால் தடுமாறினார். முந்தி வெண்மையாக இருந்த நெஞ்சில் எலும்பு தெரிந்தது.

அப்போது உள்நாட்டு மேட்டிலிருந்து கரிபூ மான் ஒன்று இறங்கி வந்தது. கிழட்டுக் கரிபூ. எல்லாருக்கும் பெரியப்பா. ஆலா கடலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அது அவளிடம் வந்து குனிந்து மணந்து பார்த்தது.

"பிள்ளை, இது பழுத்த பழமில்லை. நிறத்தை முந்தி ஏத்திப்போட்டாய் என்ன?"

அவள் காய்களை இலைக்குள் ஒளிக்கப் பார்த்தாள்.

"நிறம் குடிச்ச சாறு போக மிச்சச் சாறு நூறு காய்க்கும் பத்தாது. ஐப்பசி வந்தாலும் இது இனிக்காது. அவன் வயித்திலை ஒண்டுமில்லாமல் கடலைத் தாண்டமாட்டான். நாளைக்கு மறுநாள் ஐஸ் மழை. அந்த வாசம் எனக்குத் தெரியும்."

"நான் என்ன செய்ய பெரியப்பா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பாசி தின்னுற ஆள்," என்றது கரிபூ. இரண்டடி போய்விட்டுத் திரும்பியது. "நூறிலை ஒண்டை நல்லாக்கலாம். மற்றது போனால்."

அது போன பிறகு அவள் தன் காய்களைப் பார்த்தாள். நூறும் அவள் பிள்ளைகள். சிவப்பாக, வடிவாக, ஒன்றுக்கும் உதவாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் காம்பை இளக்கினாள். ஒன்று விழுந்தது. பத்து விழுந்தது. குடுவை அக்கா, "விசரி, என்னடி செய்யிறாய்? உன்ரை வம்சமெல்லோ!" என்று கத்தினாள். தொண்ணூற்றொன்பதும் பாசிக்குள் விழுந்து முடிந்தன. உச்சியில் ஒன்று மட்டும் மிஞ்சியது.

அந்த ஒன்றிலிருந்த சிவப்பைத் திருப்பி இறக்கினாள். அது காட்டுவதற்காக ஏற்றிய சிவப்பு. அது இறங்க இறங்க அந்த இடத்தில் இனிப்பு ஏறியது. ஒரு பகல், அடுத்த பகல் பாதி. பழம் வெளிறி, மெலிந்த வெயிலின் நிறத்துக்கு வந்து, தொட்டால் குழைகிற மாதிரி ஆனது.

முதல் நாள் திரும்பாமல் தூரக் கடலில் மீன் தேடிய அவர், வந்து பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன நடந்தது? எல்லாம் பழுதாப்போச்சோ?"

"இல்லை. இப்பதான் பழுத்திருக்கு. நான் உமக்குப் பொய் சொல்லிப்போட்டன். அண்டைக்குச் சிவந்தது பழுத்துச் சிவந்ததில்லை. உம்மை நிப்பாட்டத்தான் சிவந்தனான்."

"தெரியும்," என்றார் அவர்.

"எப்ப தெரியும்?"

"முதல் கொத்திலையே தெரியும். கல்லுமாதிரிக் கிடந்தது."

"பேந்து ஏன் நிண்டனீர்?"

அவர் கடலைப் பார்த்தார். "எனக்கும் நிக்கவேணும் போலை இருந்தது. நீர் ஒரு சாட்டுத் தந்தீர்."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் நிற்கத் துணிந்ததற்காகவா, இனி நிற்க முடியாததற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. "கெதியாச் சாப்பிட்டிட்டு வெளிக்கிடும்," என்றாள். "ஐஸ் மழை வருகுது."

அவர் அந்த ஒற்றைப் பழத்தை மெதுவாகச் சாப்பிட்டார். தேனும் கொஞ்சம் புளிப்பும் கடல் உப்பும் கலந்த ருசி. கடைசியில் ஒரு விதை மிஞ்சியது. அதை அவர் விழுங்கவில்லை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதனால் பிரியாவிடை சொல்ல அவருக்கு வாய் திறக்க முடியவில்லை. அவளைச் சுற்றி ஒரு வட்டம் பறந்துவிட்டுத் தெற்கே போனார். மூடுபனி ஒன்றும் சொல்லாமல் வந்து மூடியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பனிக்கு அடியில் ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

ஆனி வந்தது. கேப்லின் வந்தது. ஆயிரம் ஆலா வந்தன. எல்லாம் வெள்ளை, எல்லாம் கறுப்புத் தொப்பி. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றும் சதுப்புப் பக்கம் திரும்பவில்லை. எட்டாம் நாள் ஒன்று மட்டும் வந்து பாசிமேட்டில் குந்தியது. அது அவருடைய தங்கச்சி.

"நீங்களோ அந்தப் பேக்காப்பிள்?" என்று கேட்டாள்.

"ஓம். அவர் வரேல்லையோ?"

"அண்ணன் எங்களைப் பாதிக் கடலிலை வந்து பிடிச்சவர். வழி முழுக்க ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, மீன் பிடிக்கவும் வாய் திறக்கேல்லை. அங்கை போய், ஐஸுக்குப் பக்கத்திலை கொஞ்சம் மண் தேடி ஒரு விதையை வைச்சவர். நாங்கள் வெளிக்கிடேக்கை வாங்கோ எண்டு கூப்பிட்டம். முளைக்கட்டும், காட்டிப்போட்டு வாறன் எண்டவர்."

"என்னத்தைக் காட்டப்போறாராம்?"

"கோடையை. விதைக்குக் கோடையைக் காட்டவேணுமாம்." தங்கச்சி தலையைக் குனிந்தாள். "அங்கை குளிர் தொடங்கீட்டுது. அவர் குளிர்காலம் கண்டதில்லை. அவரின்ரை சிவத்த அலகு கறுத்துப்போச்சுது. பயமில்லையோ எண்டு கேட்டன். கண்ணை மூடிக்கொண்டு கிடக்கலாம், எப்பிடியெண்டு எனக்கு ஒராள் சொல்லித் தந்தவ எண்டார்."

பேக்காப்பிள் தெற்கே பார்த்தாள். பிறகு, "அடுத்தமுறை வந்தால் காத்திருக்க வைக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ," என்றாள். ஐப்பசி வரை இழுக்கிற சோம்பலை அன்றே விட்டாள். அவர் கிளம்புகிற ஆவணிக்குள் முடித்துவைக்க வேண்டும். நூறு காய்க்குச் சாறு பிரிக்க நேரமில்லை. ஒன்றே ஒன்று. முதலில் அவர் வானத்திலிருந்து காணச் சிவப்பாக, பிறகு அவர் சாப்பிடப் பொன்னிறமாக.

அவர் வரவில்லை. ஆனாலும் அவள் ஒரு வருடமும் தவறவிடவில்லை.

அன்று முதல்தான் பேக்காப்பிள் ஒரு காம்புக்கு ஒரு பழமே காய்க்கிறது. மற்றப் பழங்கள் பழுத்தால் சிவக்க, அது சிவந்திருக்கும்போது புளித்து, வெளிறிய பிறகு இனிக்கிறது. அன்று முதல்தான் நியூபவுண்ட்லாந்துச் சனங்கள் ஆவணி மாதச் சதுப்பில் இறங்கி, பழத்துக்கு ஒரு தரம் குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜாம் காய்ச்சி, பிழைப்புத் தேடித் தூரம் போகிற பிள்ளையின் பெட்டிக்குள் ஒரு போத்தல் வைத்துவிடுகிறார்கள். நில் என்று மட்டும் சொல்வதில்லை.